மாசு என்று எழுதியவை

தட்டின் மூடியைத் திறந்து முகரக் கூடாது என்று
சுவரில் நானே எழுதி ஒட்டியிருக்கிறேன்.
ஆனாலும் இன்குபேட்டர் கதவைத் திறந்ததும்
தானாக வந்து நின்றது அது,
கோடை உழவின் மேல் விழுந்த முதல் தூறல்.
ஜெபக்கனி தலை நிமிர்ந்து
"மழையா மேடம்?" என்றாள்.
ஜன்னலுக்கு அந்தப் பக்கம்
கோரிப்பாளையம் வெயிலில் வெந்துகொண்டிருந்தது.

முதல் நாள் ஊசிமுனைப் புள்ளிகள்.
இரண்டாம் நாள் சாம்பல் பூத்தது.
மூன்றாம் நாள்
ஒவ்வொரு புள்ளியிலும் சுருக்கம்,
வற்றிய கண்மாய்ச் சேற்றில் வெயில் மடித்துவைக்கிற மாதிரி.

பெரியபுள்ளான். ஐம்பத்திரண்டு. கொட்டாம்பட்டிப் பக்கம்.
சர்க்கரை உண்டு. காய்ச்சல் நாற்பது நாள்.
சளியில் ஒன்றும் கிடைக்காமலே
காசநோய் மாத்திரை மூன்று வாரம் விழுங்கியவர்.
கல்லீரலில் தேன்கூடாய்ச் சீழ் என்று
ஸ்கேன் அறையிலிருந்து ஒரு துண்டுச்சீட்டு.

கண்ணாடிச் சில்லில் சாயம் ஏற்றினேன்.
இரு முனை சிவந்து நடு வெளுத்து
சிதறிக் கிடந்தன ஊக்குகள்.
எவள் தாலிக்கயிற்றிலிருந்து கழன்றவையோ.

மருந்து வில்லைகளைப் பதித்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.
தூக்கமில்லை.
காலையில்
கொலிஸ்டினைச் சுற்றி மயிரிழை இடமும் இல்லை.
எல்லாக் கதவும் சாத்திய பிறகு
ஐசியூவில் தட்டுகிற கடைசிக் கதவு அது.
இது அதன் வாசலிலேயே பாய் விரித்துப் படுத்திருந்தது.
ஜென்டாமைசினிடமும் அதே தெனாவட்டு.
ஆனால்
பல்வலிக்குத் தெருமுனைக் கடையில் தருவார்களே ஆக்மென்டின்,
அதைக் கண்டு இருபத்திரண்டு மில்லிமீட்டர் ஒதுங்கி நின்றது.
எதற்கு அஞ்சாது, எதற்கு அஞ்சும்
என்று பார்த்தால் போதும்,
ஆளைப் பிடித்துவிடலாம்.

மெலியாய்டோசிஸ்.
வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன்.
மெலி என்று தொடங்குகிறது, நம் சொல் போலவே.
பெரியபுள்ளான் பதினோரு கிலோ மெலிந்திருந்தார்.

பிறகு பழைய பதிவேடுகளை இறக்கினேன்.
யாரும் கேட்கவில்லை.
நீல மை, என் கையெழுத்து:
சூடோமோனாஸ் இனம்.
மாசு, மறு மாதிரி அனுப்பவும்.
மாசு.
மாசு.
மண்ணிலிருந்து வந்ததை
மண் என்றே எழுதித்
தொட்டியில் போட்டிருக்கிறேன்.

மாவட்ட வரைபடத்தில் குண்டூசி குத்தினோம்.
கருங்காலக்குடி, தெற்குத்தெரு, வெள்ளலூர்,
எல்லாம் நடவு முடிந்து ஒரு மாதத்துக்குள்.
ஒன்று மட்டும் தள்ளி விழுந்தது,
அவனியாபுரம், ஆட்டோ ஓட்டுபவர்.
அவர் கால் எந்தச் சேற்றை மிதித்தது என்று
இன்னும் தெரியவில்லை.

வெள்ளலூர் ராக்குவின் எண்ணுக்கு அழைத்தேன்.
மகன் எடுத்தான். பின்னால் டிராக்டர் சத்தம்.
"அம்மா தை மாசமே போயிட்டாங்க.
எதுக்குக் கேக்குறீங்க?"
ரிசல்ட் வந்திருக்கு
என்று வாய்வரை வந்ததை
விழுங்கினேன்.

ஒன்பதாம் நாள் பெரியபுள்ளானுக்குக் காய்ச்சல் இறங்கியது.
ஊசி இன்னும் ஐந்து நாள், மாத்திரை ஆறு மாதம்,
காலில் புண்ணிருந்தால் சேற்றில் இறங்காதீர்கள்,
பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன்.
சிரித்தார், முதல் தடவையாக.
"பூட்ஸ் மாட்டிக்கிட்டு நாத்து நட்டா
சேறு பூட்ஸ வச்சுக்கிட்டு ஆள விட்டுரும் தாயி."
பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

மாலை, ஜெபக்கனி பஸ்ஸுக்குப் போன பிறகு,
சிவப்பு மை எடுத்தேன்.
பதிவேட்டில் எதையும் அழிக்கக் கூடாது.
ஒற்றைக் கோடு இழுத்து, தேதி போட்டு,
பக்கத்தில் சரியானதை எழுதிக்
கையெழுத்திட வேண்டும்.
அடித்த சொல் கோட்டுக்குக் கீழே
படிக்கும்படி இருக்க வேண்டும் என்பது விதி.

இருக்கிறது.